விண்டோஸ் 11க்கு மாறியாச்சு, பழைய பெக்கப் மென்பொருளை வைத்துக்கொள்வதா விடுவதா?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை என்று எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் கணனியை மாற்றினார்கள். சிலர் புது மெஷின் வாங்கினார்கள், சிலர் இருக்கிற மெஷினிலேயே விண்டோஸ் 11 ஏற்றினார்கள். பிரிண்டர் ஓடி, பழைய பைல்களும் வந்து சேர்ந்த பிறகுதான் ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது: இவ்வளவு காலம் பெக்கப் எடுத்த அந்த மென்பொருள் எங்கே? சீடி லாச்சிக்குள் இருக்கிறது, சீரியல் நம்பர் எழுதிய கடதாசியும் கூடவே இருக்கிறது. புது மெஷினில் போட்டால் ஓடுமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏன் என்று பிறகு பார்க்கலாம். பழைய மென்பொருளைப் பழைய பெக்கப்பைத் திறந்து பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பெக்கப் எடுக்க அதைத் தொடாதீர்கள், அது ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடினாலும் சரி. பழையதைப் படிப்பது ஒரு வேலை, புதியதை எடுப்பது வேறு வேலை. இரண்டுக்கும் ஒரே மென்பொருளைத் தேடுவதால்தான் ஆட்கள் மாதக்கணக்கில் இழுபடுகிறார்கள்.

ஒரு ஸ்டூடியோக்காரர் கேட்டார், "தம்பி, இன்ஸ்டோல் ஆகுது, ஓடுது, கடைசியில பச்சை டிக் விழுது. பிறகு என்னா பிரச்சினை?" கேள்வி நியாயமானதுதான். அந்தப் பச்சை டிக், பைல் எழுதி முடிந்தது என்பதை மட்டும் சொல்கிறது. ஆறு மாதம் கழித்து இந்த மெஷினின் டிஸ்க் செத்துப் போய், புது டிஸ்க் போட்டு அந்தப் பைலில் இருந்து திருப்பி எடுக்கும்போது கணனி எழும்புமா என்பதை அது சொல்லவில்லை.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை?

பழைய பெக்கப் மென்பொருள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சில வெறும் பைல்களை எடுத்துக் கொப்பி பண்ணும், அல்லது சுருக்கி ஒரு பைலாகக் கட்டி வைக்கும். அவை சாதாரண மென்பொருள்கள்தான், பெரும்பாலும் விண்டோஸ் 11இலும் ஓடும், ஓடினால் பெரிய ஆபத்தும் இல்லை. இன்னொரு வகை டிஸ்க்கையே விண்டோஸோடு சேர்த்துப் படம் எடுக்கும். இமேஜ் என்று சொல்வது இதைத்தான். நோர்ட்டன் கோஸ்ட், அக்ரோனிஸ் ட்ரூ இமேஜ் எல்லாம் இந்தச் சாதி.

இமேஜ் எடுப்பதற்கு மென்பொருள் விண்டோஸின் அடிவயிற்றுக்குள் போகவேண்டும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பைல்கள் திறந்தும் மூடியும் எழுதியும் கொண்டிருக்கும்போதே, ஒரு குறிப்பிட்ட நொடியில் டிஸ்க் எப்படி இருந்தது என்று பிடிக்கவேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இருந்தே அதற்கென்று ஷாடோ கொப்பி என்ற ஏற்பாடு விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து இமேஜ் மென்பொருள்கள் பல அதை மட்டும் நம்பாமல் தங்கள் சொந்த டிரைவரை, அதாவது விண்டோஸின் உள்ளே இருந்து வேலை செய்கிற ஒரு சின்ன மென்பொருளை, டிஸ்க்குக்கும் விண்டோஸுக்கும் நடுவில் செருகி வைத்தன. அந்த டிரைவர்தான் இன்றைய தலைவலி.

விண்டோஸ் 11இல் 32 பிட் வேர்ஷன் என்று ஒன்று கிடையாது, 64 பிட் மட்டும்தான். 32 பிட்டுக்கு எழுதிய சாதாரண மென்பொருள் 64 பிட் விண்டோஸில் ஓடும், 32 பிட் டிரைவர் ஓடாது. இதற்கு விலக்கே இல்லை. 64 பிட் டிரைவராக இருந்தாலும் கையொப்பம் சரியாக இருக்கவேண்டும். விண்டோஸ் 10இன் 1607 வேர்ஷனில் இருந்து புதிய டிரைவர்களுக்கு மைக்ரோசொப்டின் கையொப்பமே வேண்டும் என்று இறுக்கினார்கள், அதற்கு முன் கையொப்பமிட்ட பழையவற்றுக்குக் கொஞ்சம் இடம் விட்டிருந்தாலும். இதற்கு மேல் மெமரி இன்டக்ரிட்டி என்று ஒரு காவல் இருக்கிறது. புது மெஷின்களில் பெரும்பாலும் அது ஏற்கெனவே போட்டே வருகிறது.

உங்கள் மெஷினில் இதைப் பார்க்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, டிவைஸ் செக்யூரிட்டிக்குள் கோர் ஐசொலேஷன் என்ற இடத்துக்குப் போங்கள். மெமரி இன்டக்ரிட்டி அணைந்திருந்து, அதைப் போடப் பார்த்தால், பொருந்தாத டிரைவர்கள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் காட்டும். அக்ரோனிஸின் பழைய வேர்ஷன் போட்டிருந்த மெஷின் என்றால் அதில் 'டிப் டொட் சிஸ்' என்ற பெயரைக் காண்பது சகஜம். மென்பொருளை எப்போதோ அழித்திருப்பீர்கள், டிரைவர் மட்டும் போகாமல் குந்திக்கொண்டிருக்கும். அதை நோண்டிக் கையால் அழிக்கப் போகாதீர்கள். இந்த வகை டிரைவர்கள் சில, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கிற ரெஜிஸ்ட்ரியில், டிஸ்க்கின் பில்டர் பட்டியலில் தங்கள் பெயரை எழுதி வைத்திருக்கும். பைலை அழித்துவிட்டு அந்தப் பெயரை விட்டுவைத்தால் அடுத்த முறை விண்டோஸ் எழும்பும்போது டிஸ்க்கையே காணவில்லை என்று நீலத்திரை காட்டி நின்றுவிடும். அந்தக் கம்பனியே கொடுக்கிற துப்புரவுக் கருவி இருந்தால் அதைத்தான் பயன்படுத்தவேண்டும்.

சரி, இனி வழிகளைப் பார்ப்போம்.

புது மெஷினில் அப்படியே போட்டு ஓட்டுவது

செலவில்லாத வழி, பழகின கை. அதனால்தான் எல்லாரும் முதலில் இதைத்தான் செய்து பார்க்கிறார்கள். ஓடாவிட்டால் ரைட் கிளிக் பண்ணி, கொம்பெட்டிபிலிட்டியில் விண்டோஸ் 7 என்று தெரிவு செய்கிறார்கள். அது மென்பொருளிடம் 'இது விண்டோஸ் 7தான்' என்று பொய் சொல்லும், வேறு சில சின்னச் சின்ன ஒட்டுவேலைகளும் செய்யும், அவ்வளவுதான். டிரைவரை அது தொடாது. பைல் கொப்பி வகை என்றால் இந்த வித்தை பலிக்கும், இமேஜ் வகைக்குப் பெரும்பாலும் பலிக்காது.

பலித்தால் இன்னும் மோசம் என்பது என் கருத்து. ஏனென்றால் டிஸ்க்கின் அமைப்பே மாறிவிட்டது. அந்தக் காலத்தில் டிஸ்க்கைப் பகுதி பகுதியாகப் பிரிக்க எம்.பி.ஆர். முறை, பார்ட்டிஷன் என்கிற அந்தப் பகுதி 63ஆவது செக்டரில் தொடங்கும். 2 டெராபைட்டுக்கு மேல் கணக்கு எடுபடாது. இன்று ஜி.பி.டி., பார்ட்டிஷன் 1 மெகாபைட் தள்ளித் தொடங்குகிறது, விண்டோஸை எழுப்பும் பைல்கள் சி டிரைவில் இல்லாமல் ஈ.எப்.ஐ. என்ற ஒரு சின்னத் தனிப் பார்ட்டிஷனில் இருக்கின்றன. பழைய மென்பொருளில் சி டிரைவை மட்டும் டிக் பண்ணிப் பழகினவர்கள் அப்படியே எடுத்து வைத்திருப்பார்கள். திருப்பிப் போட்டால் பைல் எல்லாம் இருக்கும், விண்டோஸ் எழும்பாது.

பிட்லொக்கர் இன்னொரு சங்கதி. மைக்ரோசொப்ட் கணக்கோடு புதிதாக அமைக்கிற விண்டோஸ் 11 மெஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம், உங்களிடம் கேட்காமலேயே. பழைய மீட்பு சீடியில் கணனியை எழுப்பிப் பார்த்தால் அதற்கு அந்த டிஸ்க் ஏதோ குப்பை மாதிரித்தான் தெரியும். முதல் வேலையாக, அந்தப் பூட்டைத் திறக்கிற 48 இலக்க ரிகவரி கீயை எடுத்து எழுதி வையுங்கள். இது பெக்கப் மென்பொருள் எதுவானாலும் தேவை.

ஆக, இந்த வழி பைல் கொப்பி வகைக்கு மட்டும், அதுவும் வேறு வழிக்கு மாறும் வரைக்கும்தான். இமேஜ் வகைக்கு வேண்டாம்.

பழைய மெஷினை மூலையில் வைத்திருப்பது

வேடிக்கை என்னவென்றால், பழைய பெக்கப்பைத் திறப்பதற்கு இதுதான் மிகச் சுலபமான வழி. அந்த மென்பொருள் அந்த மெஷினில்தான் பிறந்தது, அங்கே அதற்கு ஒரு குறையும் இல்லை. சீடி டிரைவ் இருக்கிறது, பழைய யூ.எஸ்.பி. இருக்கிறது, எக்ஸ்பியோ விண்டோஸ் 7ஓ ஏற்கெனவே ஏற்றியிருக்கிறது. அக்ரோனிஸ் மாதிரியானவற்றின் பழைய மீட்பு சீடிகள் உள்ளே லினக்ஸில் எழும்புபவை. அந்தக் காலத்து லினக்ஸுக்கு இன்றைய என்.வி.எம்.ஈ. டிஸ்க் தெரியாது, ஆனால் பழைய மெஷினின் சாட்டா டிஸ்க் நன்றாகவே தெரியும்.

குறை என்னவென்றால் அது சாகப் போகிற மெஷின். நம்ம ஊர் கரண்டைச் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டின காலத்தில் போய் வந்த கரண்டிலேயே எத்தனை பவர் சப்ளை எரிந்தது என்று கடைக்காரர்களுக்குத் தெரியும். வெட்டு இல்லாத காலத்திலும் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இறங்கும்போது பிளக்கைக் கழற்றாமல் விட்டால் கதை முடிந்தது. அதோடு எங்கள் பக்கத்துப் பனியும் ஈரமும். மாதக்கணக்கில் போடாமல் வைத்த மெஷினை ஒரு நாள் அவசரத்துக்குப் போட்டால் எழும்பும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. எழும்புகிற இன்றைக்கே அதில் இருக்கிற பெக்கப்பை எல்லாம் திறந்து சாதாரணப் பைல்களாக வெளியே எடுத்துவிட வேண்டும். பத்து வருடத்துக்கு வைத்திருக்கும் எண்ணத்தில் இதைத் தெரிவு செய்யாதீர்கள், ஒரு வார வேலையாக நினைத்துத் தெரிவு செய்யுங்கள்.

இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தம் 2014 ஏப்ரலோடும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடும் நின்றுவிட்டது. பைல்களை வெளியே கொண்டுவர நெட்வேர்க் வேண்டாம், வெளி டிஸ்க் போதும். நெட்வேர்க்கில் இழுக்கலாம் என்று நினைத்தாலும் எக்ஸ்பி பேசுவது, பைல் பகிர்கிற முறையான எஸ்.எம்.பி.யின் முதல் வேர்ஷனை, இன்றைய விண்டோஸில் அது அணைத்தே வருகிறது. அதற்காக அதைத் திரும்பப் போடச் சொல்லுகிற குறிப்புகள் நிறையக் கண்ணில் படும், கேட்காதீர்கள்.

வெளி டிஸ்க்கிலும் ஒரு பொறி உண்டு. 32 பிட் எக்ஸ்பிக்கு ஜி.பி.டி. டிஸ்க் தெரியாது. புதிதாக வாங்கின 4 டெராபைட் டிஸ்க்கைச் செருகினால் பேசாமல் இருக்கும், அல்லது போர்மட் பண்ணவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு சின்ன டிஸ்க்கைத் தேடுங்கள். அதையும் பாட் 32ஆக விடாமல் என்.டி.எப்.எஸ். ஆக்கி எடுங்கள், இல்லாவிட்டால் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட வீடியோ பைல் ஒன்றும் ஏறாது.

மெஷினுக்குள் மெஷின்

பழைய மெஷின் ஏற்கெனவே செத்துவிட்டது, பெக்கப் பைல்கள் மட்டும் ஒரு டிஸ்க்கில் இருக்கின்றன என்றால் வேர்ச்சுவல் மெஷின்தான் அடுத்தது. வேர்ச்சுவல்பொக்ஸ் இலவசம். விண்டோஸ் 11 ப்ரோ என்றால் ஹைப்பர்-வி உள்ளேயே இருக்கிறது, ஹோம் வேர்ஷனில் இல்லை. உள்ளே விண்டோஸ் 7 ஒன்றை ஏற்றி (உரிமம் உங்களிடம் இருக்கவேண்டும்), அதற்குள் பழைய மென்பொருளைப் போட்டு, பெக்கப்பைத் திறந்து, பைல்களைப் பகிர்ந்த போல்டர் வழியாக வெளியே எடுப்பது. எக்ஸ்பியை விட விண்டோஸ் 7 வசதி, பழைய மென்பொருள் அனேகமாக இரண்டிலும் ஓடும்.

இது நல்ல வழிதான், ஆனால் இதற்கு மெஷின் கொஞ்சம் திடமாக இருக்கவேண்டும். 8 ஜிபி ராம் இருந்தால் சமாளிக்கலாம், 4 ஜிபியில் முயல்வது வீண் வேலை. கணனி எழும்பும்போதே திறக்கிற பயோஸ் அமைப்புகளில் வேர்ச்சுவலைசேஷனைப் போட்டிருக்கவேண்டும். வேர்ச்சுவல்பொக்ஸின் கீழ்க் கோட்டில் ஒரு சின்னப் பச்சை ஆமை தெரிந்தால் பதறவேண்டாம். மெமரி இன்டக்ரிட்டி, ஹைப்பர்-வி மாதிரி ஏதோ ஒன்று ஏற்கெனவே அந்த வசதியைப் பிடித்து வைத்திருக்கிறது, அதனால் இது சுற்றுவழியில் மெதுவாக ஓடுகிறது என்று அர்த்தம். மெதுவாக ஓடினாலும் வேலை முடியும். ஆமையை விரட்டுவதற்காகப் பாதுகாப்பை அணைக்கச் சொல்வார்கள். ஒரு தடவை செய்யப் போகிற வேலைக்கு அது தேவையில்லை, இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

இந்த வழியில் சிலர் பண்ணுகிற விபரீதம் ஒன்று உண்டு. வேர்ச்சுவல் மெஷினுக்குள் பழைய மென்பொருளை வைத்துக்கொண்டு, அதைக் கொண்டே வெளியில் இருக்கும் புது மெஷினைப் பெக்கப் எடுக்கப் பார்ப்பார்கள். பகிர்ந்த போல்டர் வழியாகப் பைல்களை எடுக்கலாம், ஓடிக்கொண்டிருக்கிற வெளி விண்டோஸை இமேஜ் எடுக்க முடியாது. உள்ளே இருப்பதற்கு வெளி டிஸ்க் டிஸ்க்காகத் தெரிவதில்லை.

படிக்கிற கருவி மட்டும்

மென்பொருள் முழுவதையும் போடாமல் படிக்கிற பகுதியை மட்டும் கண்டுபிடிப்பது. பெக்கப் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இது கைகொடுக்கும், அல்லது கைவிடும்.

எக்ஸ்பியோடு வந்த என்.டி. பெக்கப்பின் பி.கே.எப். பைல்களை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துப் பழைய ஒபீஸ்களில், பாடசாலைகளில் இன்றும் கிடைப்பது இதுதான். விஸ்டாவில் இருந்து மைக்ரோசொப்ட் அந்த மென்பொருளைத் தூக்கிவிட்டது, ஆனால் படிக்க மட்டுமான கருவியை விஸ்டாவுக்கும் பிறகு விண்டோஸ் 7க்கும் தனியாக வெளியிட்டது. பலர் செய்வது அதைவிடச் சுலபம்: எக்ஸ்பி மெஷினில் இருந்து என்.டி.பெக்கப்பின் ஓடுகிற பைலையும், கூடவே என்.டி.எம்.எஸ். ஏ.பி.ஐ., வி.எஸ்.எஸ். ஏ.பி.ஐ. என்ற இரண்டு டி.எல்.எல். பைல்களையும் ஒரே போல்டரில் போட்டுப் புது விண்டோஸில் ஓட்டுவது. திறந்தவுடன் ரிமூவபிள் ஸ்டோரேஜ் ஓடவில்லை என்று முறையிடும். அது டேப் வைத்திருந்தவர்களுக்கான விஷயம், ஓகே கொடுத்துவிட்டு உள்ளே போகலாம். லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு இந்த வடிவத்தைப் படிக்க எம்.டி.எப்.டார் என்ற சின்னக் கருவியும் இருக்கிறது.

விண்டோஸ் 7இன் பெக்கப் அன்ட் ரீஸ்டோர் என்றால் கவலையே இல்லை. விண்டோஸ் 11இன் கொன்ட்ரோல் பெனலில் அடைப்புக்குறிக்குள் விண்டோஸ் 7 என்று போட்டு அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் சொதப்பினால், அந்தப் பெக்கப் போல்டருக்குள் நேராகப் போங்கள், உள்ளே இருப்பவை சாதாரண ஜிப் பைல்கள். சிஸ்டம் இமேஜ் எடுத்திருந்தால் அது வி.எச்.டி. பைல், டிஸ்க் மனேஜ்மென்டில் இணைத்தால் இன்னொரு டிரைவ் எழுத்தாக வந்து நிற்கும்.

அக்ரோனிஸின் பழைய டி.ஐ.பி. பைல்களை அதே கம்பனியின் பிந்திய வேர்ஷன்கள் பெரும்பாலும் திறக்கும். கோஸ்ட்தான் சிக்கல். 2013 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நோர்ட்டன் கோஸ்ட்டின் விற்பனை முடிந்தது. அதிலும் இரண்டு வடிவம், பழைய டொஸ் காலத்து ஜி.எச்.ஓ. ஒன்று, பிறகு வந்த வி.டூ.ஐ. ஒன்று, ஒன்றைப் படிப்பது மற்றதையும் படிக்கும் என்று நம்பமுடியாது. உங்கள் டிஸ்க்கில் எது இருக்கிறது என்று பைல் பெயரின் கடைசியைப் பார்க்காமல் எதையும் தரவிறக்காதீர்கள். 'எந்தப் பெக்கப்பையும் திறக்கும்' என்று விளம்பரம் போடுகிற இலவசக் கருவிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

துண்டு துண்டாக எடுத்த பெக்கப் இருந்தால் எல்லாத் துண்டும் வேண்டும். 700 மெகாபைட் சீடியாகவோ 4.7 ஜிகாபைட் டீ.வீ.டீ.யாகவோ வெட்டி எடுத்து, மார்க்கர் பேனையால் 1/9, 2/9 என்று எழுதி வைத்திருப்பார்கள். ஐந்தாவதைப் பூஞ்சை பிடித்திருந்தால் ஆறு முதல் ஒன்பது வரை சுத்தமாக இருந்தும் பல வடிவங்களில் பிரயோசனமில்லை. முதலில் எல்லா டீ.வீ.டீ.யையும் ஹார்ட் டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணுங்கள், பிறகு திறக்கப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காத டிஸ்க்கை இன்னொரு டிரைவ் படிக்கும், அதனால் ஒன்றில் முடியாவிட்டால் வீசிவிடாதீர்கள்.

இன்னொன்று, திறந்த பிறகு கடிதங்கள் எல்லாம் கோணல் மாணலாக ஆங்கில எழுத்தில் தெரிந்தால் பெக்கப் பழுதில்லை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பைல்களாக இருக்கும். எழுத்துருவையும் அந்தப் பழைய விண்டோஸின் பொன்ட்ஸ் போல்டரில் இருந்து சேர்த்து எடுத்துவிடுங்கள். எத்தனையோ தோட்டத்து ஒபீஸ்களின் கடிதங்கள் இப்படித்தான் 'பழுதாகி' இருக்கின்றன.

அதே கம்பனியின் புது வேர்ஷன் வாங்குவது

பழைய பைல்களைத் திறக்கும், புதிய பெக்கப்பும் எடுக்கும், முகப்பும் பழக்கமானது. காகிதத்தில் பார்த்தால் இதுதான் சரியான விடை. ஆனால் இப்போது நிறையப் பெக்கப் மென்பொருள்கள் வருடச் சந்தாவுக்குப் போய்விட்டன. அக்ரோனிஸில் ஒரு தடவை காசு கொடுத்து வாங்குகிற முறை 2021 பதிப்போடு நின்றது. இன்னொரு இமேஜ் மென்பொருளான மேக்ரியம் ரிப்ளெக்டின் இலவச வேர்ஷனுக்கு 2024 ஜனவரி 1ஓடு ஆதரவு முடிந்தது. சந்தா டொலரில். 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் சில மாதத்துக்குள் 360 அளவுக்குப் போனதைப் பார்த்த நமக்கு, ஒவ்வொரு வருடமும் டொலரில் கட்டவேண்டிய ஒன்றில் பெக்கப்பைக் கட்டிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சந்தா முடிந்தால் புது பெக்கப் எடுப்பது நிற்கும். ரீஸ்டோர் அனுமதிப்பார்களா என்பதைக் கம்பனிக்குக் கம்பனி வாங்குவதற்கு முன்னே படித்துப் பார்க்கவேண்டும்.

வருமானம் தரும் பெரிய ஸ்டூடியோ, ஹோட்டல், கணக்காளர் அலுவலகம் என்றால் வாங்கலாம், கேட்டுக்கொள்ள ஆள் இருக்கிறார்கள் என்பது ஒரு நிம்மதி. வீட்டுக்கும் சின்னக் கொம்யூனிகேஷன் கடைக்கும் அவசியம் இல்லை.

மொத்தமாக மாறிவிடுவது

பழையதைத் திறந்து சாதாரணப் பைல்களாக வெளியே எடுத்த பிறகு, புது பெக்கப்புக்குப் பழைய மென்பொருளின் நினைப்பே வேண்டாம். இங்கே நான் இரண்டாகப் பிரிப்பேன்.

படம், கடிதம், கணக்கு மாதிரி உங்கள் சொந்த உழைப்புக்கு எந்த வடிவமும் வேண்டாம், வெறும் கொப்பி போதும். விண்டோஸின் பைல் ஹிஸ்டரி நல்லதுதான், கொப்பி பண்ணின பைலின் பெயரோடு திகதியும் நேரமும் சேர்த்து அப்படியே வைக்கும், அந்த மென்பொருளே நாளைக்கு இல்லாமல் போனாலும் பைலைத் திறக்கலாம். ஆனால் விண்டோஸ் 11இல் டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரியான லைப்ரரிகளுக்குள் இருப்பதைத்தான் பார்க்கும், டி டிரைவில் தனியாக இருக்கிற கலியாணப் பட போல்டரை லைப்ரரிக்குள் சேர்க்காவிட்டால் விட்டுவிடும். கட்டளை எழுதி ஓட்டுகிற ரோபோகொப்பி என்ற கொப்பிக் கருவி எனக்கு இன்னும் பிடித்தது. விஸ்டாவில் இருந்தே விண்டோஸுக்குள் இருக்கிறது, காசும் இல்லை, சந்தாவும் இல்லை, இன்ஸ்டோலும் இல்லை. மாறின பைலை மட்டும் எடுக்கும். மிரர் என்ற தெரிவை மட்டும் யோசித்துப் போடுங்கள், மூலத்தில் அழிந்ததை அது பெக்கப்பிலும் அழிக்கும். மூலமும் இலக்கும் இடம் மாறினால் கேட்காமலே வெறுமையாக்கிவிடும். பழகும் வரை மிரர் இல்லாமல் ஓட்டுங்கள்.

விண்டோஸ், மென்பொருள், அமைப்புகள் எல்லாம் சேர்த்து மெஷினை அப்படியே திருப்பி எழுப்ப ஒரு இமேஜ் வேண்டும். அதற்கு வீம் என்ற கம்பனியின் விண்டோஸ் ஏஜென்ட் இலவசப் பதிப்பு போதும். மாறினதை மட்டும் அடுத்தடுத்து எடுக்கும், உள்ளே இருந்து ஒரு தனிப் பைலையும் எடுத்துத் தரும், மீட்பு யூ.எஸ்.பி.யும் செய்து தரும். குளோன்சில்லாவும் இலவசம், பென்டிரைவில் எழுப்பி எடுப்பது, விண்டோஸுக்குள் ஒரு டிரைவரையும் போடாது என்பது அதன் அழகு. ஆனால் மவுஸ் வேலை இல்லாத நீல நிறப் பக்கத்தில் எழுத்தாகவே கேள்வி கேட்கும், பழகாதவர் ஓகே ஓகே என்று தட்டினால் தவறான டிஸ்க்கின் மேல் எழுதிவிட வழி இருக்கிறது. இமேஜில் இருந்து ஒரு பைலை மட்டும் எடுப்பதும் சிரமம், சின்ன டிஸ்க்குக்குத் திருப்பிப் போடுவதும் சிரமம். என்னைக் கேட்டால் வீட்டுக்கு வீம், மெஷின் பழுதுபார்ப்பவருக்குக் குளோன்சில்லா.

விண்டோஸின் சொந்த சிஸ்டம் இமேஜை நம்பித் தொடங்காதீர்கள். இன்னும் அது இருக்கிறது என்பது வேறு, 2017 இறுதியில் இருந்தே அதை இனி வளர்க்கப் போவதில்லை என்று மைக்ரோசொப்ட் ஒதுக்கிவிட்டது. பழையதைத் திறக்க வைத்திருங்கள், புதியது எடுக்க வேண்டாம்.

க்ளவுட் பற்றிக் கேட்பீர்கள். விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஏறுகிற இணைப்பில் 200 ஜிகாபைட் படம் ஏற்றக் கிட்டத்தட்ட நான்கு நாள் இடைவிடாமல் வேண்டும், டேட்டா பெக்கேஜ் அதற்குள் முடிந்துவிடும். முக்கியமான பத்திரங்கள், உறுதிகள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் மட்டும் மேலே போகட்டும், வன்டிரைவின் இலவச 5 ஜிகாபைட்டே அதற்குப் போதும். மிச்சத்துக்கு இரண்டாவது டிஸ்க், அதை வேறு ஊரில். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மண் இறங்கியதை மறந்திருக்கமாட்டீர்கள். ஒரே அலமாரிக்குள் இரண்டு டிஸ்க் வைப்பது இரண்டு பிரதி ஆகாது. பண்டாரவளையிலோ கண்டியிலோ சொந்தக்காரர் இருந்தால் திருவிழாவுக்குப் போகும்போது மாற்றிக்கொண்டு வாருங்கள்.

யாருக்கு எது

அந்த ஸ்டூடியோக்காரருக்கு நான் சொன்னது: பழைய மெஷின் இன்னும் எழும்புகிறது, அதனால் வேர்ச்சுவல் மெஷின் எல்லாம் வேண்டாம் அண்ணே, கோஸ்ட் இமேஜ்களை அங்கேயே திறந்து படங்களை வருடவாரியாக வெளியே எடுங்கள், பிறகு புது மெஷினில் ரோபோகொப்பியும் வீமும். அவர் கோஸ்ட்டைப் புது மெஷினில் இருந்து அழிக்க மனமில்லாமல்தான் அழித்தார்.

செக்ரோல் என்கிற தொழிலாளர் சம்பளக் கணக்கு வைத்திருக்கிற தோட்டத்து கிளாக்கர் ஒருவருக்குக் கதை வேறு. அவருடைய பழைய கணக்கு மென்பொருளே டொஸ்ஸில் ஓடுவது, 16 பிட். 64 பிட் விண்டோஸில் அது எந்தக் கொம்பெட்டிபிலிட்டி போட்டாலும் ஓடாது. அங்கே பெக்கப்பைத் திறந்து பைல் எடுத்தால் மட்டும் போதாது, அந்தப் பைலைப் படிக்கிற மென்பொருளும் உயிரோடு வேண்டும். அவருக்கு வேர்ச்சுவல் மெஷின்தான், 32 பிட் விண்டோஸ் ஏற்றி, அந்த முழு மெஷினையே ஒரு போல்டராக வைத்து, அந்தப் போல்டரைப் பெக்கப் எடுப்பது. இங்கே மட்டும் பழையதை நிரந்தரமாக வைத்துக்கொள்ள நியாயம் இருக்கிறது.

வெளியே எடுத்து முடித்தது சரியா என்று பார்க்க, பழைய பக்கத்தில் எத்தனை பைல், எத்தனை ஜிகாபைட் என்று ரைட் கிளிக் பண்ணிப் பார்த்து, புதிய பக்கத்தோடு ஒப்பிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு வருடத்திலும் இருந்து நாலைந்து பைலைத் திறந்து பாருங்கள், சின்னப் படமாகத் தெரிவதை நம்பாமல் முழுதாகத் திறந்து, வீடியோவைக் கடைசி வரை இழுத்து. பாஸ்வேர்ட் போட்ட பெக்கப் இருந்தால் அந்தப் பாஸ்வேர்டைத் தெரிந்தவர் ஊரில் இருக்கும்போதே இந்த வேலையைச் செய்துவிடுங்கள்.

மெஷின் செத்து டிஸ்க் மட்டும் மிஞ்சியவர்கள் யூ.எஸ்.பி. அடாப்டர் வாங்கும்போது அகலமான 40 ஊசி ஐ.டி.ஈ.யா சாட்டாவா என்று டிஸ்க்கைப் பார்த்துவிட்டுப் போங்கள், டெஸ்க்டொப் மெஷினில் இருந்து கழற்றிய 3.5 அங்குல டிஸ்க் என்றால் தனி 12 வோல்ட் பவர் பிளக்கோடு வருகிற அடாப்டராகக் கேளுங்கள். யூ.எஸ்.பி.யின் 5 வோல்டில் அது சுழலவே சுழலாது, டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்து வீசிவிடுவீர்கள்.